இரட்டை மின்வழங்கியில் நிலமும் அடுக்கும்

மீலாது விழா மேடையாயினும் கல்லூரி ஆண்டுவிழாவாயினும், பேச்சாளர் வாய்திறக்குமுன்பே ஒலிபெருக்கியில் ஒரு ரீங்காரம் எழுவதை நாமனைவரும் கேட்டிருக்கின்றோம். அதன் பிறப்பிடம் பல வேளைகளில், கருவியினுள் உள்ள மின்சுற்றுப் பலகையில் ‘கிரவுண்டு’ எனப்படும் செப்புத் தடமே ஆகும்.

ஒலியலை சுழியத்திற்கு மேலும் கீழும் மாறிமாறிச் செல்வதாகலின், பெருக்கிச் சுற்றுகளுக்கு நேர் 15 வோல்ட், எதிர் 15 வோல்ட் என இரட்டை மின்னழுத்தம் தருதல் வழக்கம். நடுமுனை கொண்ட மின்மாற்றி, நான்கு டயோடுகள், இரு பெரிய மின்தேக்கிகள், 7815, 7915 என்னும் இரு சீராக்கிகள் ஆகியவற்றால் இவ்வழங்கியை அமைக்கலாம். நேருக்கும் எதிருக்கும் நடுவே நிற்கும் சுழிய நிலையே கிரவுண்டு. இச்சொல் மாணவரை மயக்குகின்றது. நிலம் என்றவுடன், கொட்டியதையெல்லாம் விழுங்கிக்கொள்ளும் மண் நினைவுக்கு வருகின்றது. பலகையிலோ மின்னோட்டம் எங்கும் மறைவதில்லை. புறப்பட்ட இடத்திற்கே திரும்புகின்றது. ஆகவே ‘திரும்புவழி’ என்பதே பொருத்தமான தமிழாக்கம் எனக் கருதுகின்றோம்.

பலகையின் செப்புப் படலம் பெரும்பாலும் 35 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. அதில் 1 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடைய தடத்தின் மின்தடை ஏறத்தாழ 25 மில்லி ஓம். இஃது அற்பமென்று தோன்றும். ஆனால் மின்தேக்கிகளை நிரப்பும் மின்னோட்டம் சீராகப் பாய்வதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை குறுந்துடிப்புகளாகப் பாய்கின்றது. இரு மின்தேக்கிகளையும் இணைக்கும் தடம் அத்தகையதாயின், 2 ஆம்பியர் துடிப்பு அதில் 50 மில்லிவோல்ட் வீழ்ச்சியை உண்டாக்கும். ஒலிவாங்கியின் சுழியத்தை அத்தடத்தின் ஒரு முனையிலும், பெருக்கியின் சுழியத்தை மறுமுனையிலும் இணைத்துவிட்டால், அவ்வீழ்ச்சியும் ஒலியோடு கலந்து பெருக்கப்படும். நூறு மடங்கு பெருக்கத்தில் அது 5 வோல்ட்! ரீங்காரத்தின் கதை இதுவே. எனவே அவ்விணைப்புத் தடம் குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையதாயிருத்தல் வேண்டும். அதன் இடையில் எதனையும் தொடுக்காது, ஒரு கிளை பிரித்து அதன் முனையிலிருந்தே சுழியத்தைப் பங்கிடல் வேண்டும்.

நான்கடுக்குப் பலகையாயின், மேலடுக்கில் உறுப்புகளும் குறிகைத் தடங்களும், இரண்டாமடுக்கில் பிளவுபடாத திரும்புவழித் தகடும், மூன்றாமடுக்கில் நேர், எதிர் எனப் பங்கிட்ட மின்வழங்கலும், நான்காமடுக்கில் ஏனைய தடங்களும் அமைதல் நன்று. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் தன் தடத்திற்கு நேர்கீழேயே திரும்பும். இரண்டாமடுக்கைக் கீறினால் அது சுற்றிச் செல்ல நேரும்; அச்சுற்று வளையமே இரைச்சலைப் பரப்பும், வாங்கவும் செய்யும். நான்காமடுக்குத் தடங்கள் நேர், எதிர்ப் பகுதிகளின் எல்லையைக் கடவாதிருப்பதும் இதனாலேயே. தகடு முழுமையாயிருப்பினும் டயோடுகளையும் பெரிய மின்தேக்கிகளையும் ஒரு மூலையில் ஒதுக்கி, ஒலி நுழைவாயிலை எதிர்மூலையில் வைப்பதே அறிவுடைமை.

இடையே ஒன்று: 7815இன் உலோக முதுகு சுழியத்தோடும், 7915இன் முதுகு உள்ளீட்டோடும் இணைந்தவை. மைக்கா இடாமல் இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் முடுக்கினால் குறுக்குச் சுற்று ஏற்படும்.

ரீங்காரத்தைப் போக்கச் சிலர் மூன்றுமுனைச் செருகியின் ‘எர்த்’ இணைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். ஓசை அடங்கலாம், ஆனால் உள்ளே காப்புறை பழுதுபட்டால் உலோகப் பெட்டி முழுவதும் மின்னேறி, தொட்டவர் உயிரைக் குடிக்கும். அக்கம்பி திரும்புவழியன்று, உயிர்க்காப்புக் கம்பி. அதனைப் பெட்டியிலேயே திருகாணியால் நேரடியாக இறுக்கி, பலகையின் சுழியத்தைப் பெட்டியோடு ஒரே இடத்தில் மட்டும் இணைத்தல் வேண்டும். பலகையின் மெல்லிய செப்புத் தடத்தின் வழியே அக்காப்பு இணைப்பைக் கொண்டுசெல்லுதல் ஆகாது.