சர்வர் அனுமதி மறுப்பது ஏன்?

மத்திய கைலாசத்தில் புறப்பட்டுத் தெற்கே சிறுசேரியை எட்டும் ராஜீவ் காந்தி சாலையின் ஓரத்திலும், பரனூரை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், காட்டாங்குளத்தூரின் கல்லூரி விடுதிகளிலும், இணையச் செயலிகளை இயற்றுவதையே தொழிலாகவோ கல்வியாகவோ கொண்ட பெரியதோர் இளைஞர் சமூகம் வளர்ந்திருக்கிறது. 2019 நவம்பர் 29-ஆம் தேதி உதயமான செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்த இளைஞர்களில் யாரைக் கேட்டாலும், மடிக்கணினியில் ஒரு குறையுமின்றி ஓடிய செயலி, சர்வரில் ஏற்றிய மாத்திரத்தில் ‘பர்மிஷன் டினைடு’ என்று நின்றுவிட்ட அனுபவத்தைச் சொல்வார்கள். அந்த மறுப்புக்குக் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தவர்க்குப் பரிகாரம் எளிது. அறியாமல் செய்யும் பரிகாரமோ நோயினும் கொடியது என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வூர்ச் சிற்பிகள் தம் படைப்புகளின் புகைப்படங்களைத் தாமே ஏற்றி விற்பனைக்கு வைப்பதற்கென்று ஒரு மாணவர் ஒரு தளத்தை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் தளத்தின் பக்கங்கள் யாவும் அழகாகத் திறக்கின்றன. ஆனால் சிற்பி படத்தை ஏற்ற முயலும்போது மட்டும் பிழை எழுகிறது. அதே நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, மடிக்கணினியில் நடந்த காரியம் இங்கு நடவாதது ஏன்?

விடைக்கு நாம் அரை நூற்றாண்டுக்கு முன் செல்ல வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கி 1970-களில் பரவிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளம், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சூழ்நிலைக்காகப் பிறந்தது. ஆகவே ஒருவர் கோப்பை மற்றொருவர் கெடுக்காதிருக்கும் நியதி அதற்கு அத்தியாவசியமாயிற்று. அதன் வழிவந்த லினக்ஸிலும், சென்னையின் சி-டாக் நிறுவனம் வடித்த பாஸ் லினக்ஸிலும் இன்றளவும் அந்த நியதியே ஆள்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு, குழு ஒன்று உண்டு. எஞ்சியவர் அனைவரும் ஏனையோர். இம்மூவகையாருக்கும் வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்கள் வகுக்கப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகை அவரவர் அதிகாரத்தைக் குறிக்கும். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும் உண்டு. குழுவினரும் ஏனையோரும் வாசிக்கலாம், இயக்கலாம், எழுதலாகாது. 644 என்றால் உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் செய்யலாம். மற்றவர் வாசிக்க மட்டுமே செய்யலாம்.

இனி மாணவரின் தளத்துக்கு வருவோம். மடிக்கணினியில் செயலியை இயக்கியவரும் அவரே, கோப்புகளுக்கு உரிமையாளரும் அவரே. சர்வரிலோ கோப்புகளை ஏற்றியது அவருடைய கணக்கு. செயலியை இயக்குவது, உபுண்டு, டெபியன் வகைகளில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்று பெயர் கொண்ட, வேண்டுமென்றே அதிகாரம் குறைக்கப்பட்ட வேறொரு கணக்கு. படங்கள் சேர வேண்டிய கோப்புறை 755 என்றிருக்குமாயின், அந்தக் கணக்கு ஏனையோர் வரிசையில் நின்று வாசிக்கப் பெறுகிறது, எழுதப் பெறுவதில்லை. பக்கங்கள் திறந்ததும் படம் ஏறாததும் இதனாலேயே.

வேறொரு காரணமும் அடிக்கடி குறுக்கிடும். கோப்பின் அனுமதி சரியாயிருந்தும், அதற்குச் செல்லும் வழியிலுள்ள கோப்புறைகளில் ஒன்று கடக்க இடந்தராவிட்டால் கோப்பை அடைய இயலாது; உள்ளறைப் பெட்டியின் சாவி கையில் இருந்தும் தெருக்கதவு தாழிட்டிருந்தால் பயனென்ன? கோப்புறைகளைப் பொறுத்தமட்டில் இயக்கும் அனுமதி என்பது கடந்துசெல்லும் அனுமதியே. உபுண்டு 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் இல்லக் கோப்புறை இயல்பாகவே 750 என்று அமைவதால், தளத்தை அதனுள் வைப்பவர்க்கு ‘403 ஃபார்பிடன்’ என்ற பதிலே கிட்டும். ‘நேம்ஐ -எல்’ என்னும் கட்டளை வழி முழுவதன் அனுமதிகளையும் வரிசையாகக் காட்டிவிடும். ரெட் ஹேட் வகை சர்வர்களில், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட எஸ்ஈலினக்ஸ் என்னும் மற்றொரு காவலும் உண்டு. இல்லக் கோப்புறையிலிருந்து நகர்த்திய கோப்பு பழைய அடையாளத்தையே சுமந்துவந்து மறுக்கப்படும்போது, ‘ரெஸ்டோர்கான்’ கட்டளை அதைச் சீராக்கும்.

இவற்றை ஆராயப் பொறுமையற்ற பலர் கைக்கொள்ளும் குறுக்குவழி, கோப்புகள் அனைத்துக்கும் 777 என்று வழங்கிவிடுவதாகும். பிழை அக்கணமே மறைகிறது. மறைவதோடு பாதுகாப்பும் மறைகிறது. அந்தச் சர்வரில் நுழைந்த எந்தக் கணக்கும் நிரலைத் திருத்தலாம், தரவுத்தளத்தின் கடவுச்சொல் அடங்கிய கோப்பைப் படிக்கலாம். செயலியில் சிறு ஓட்டை ஒன்று இருப்பினும் அயலான் தன் நிரலை நம் நிரலுக்குள் எழுதிவைக்கலாம். சிற்பியின் கைபேசி எண்ணும் வங்கி விவரமும் அவர் நம்மை நம்பி அளித்தவை. அவற்றை இவ்வாறு திறந்துவிட நமக்கு ஏது உரிமை?

முறையான பரிகாரம் மிகச் சிறியது. பிழைப் பதிவேட்டைத் திறந்து, எந்தக் கோப்பு மறுக்கப்பட்டது என்பதை முதலில் அறிக. அடுத்து, கேட்ட கணக்கு எது என்பதையும், அக்கோப்பு யாருக்கு உரியது என்பதையும், வழியிலுள்ள கோப்புறைகள் இடந்தருகின்றனவா என்பதையும் பார்க்க. பின்பு படங்கள் சேரும் அந்த ஒரு கோப்புறையை மட்டும் ‘சிஎச்ஓன்’ கட்டளையால் செயலியை இயக்கும் சர்வர் கணக்குக்கு உரியதாக்கி, அதனுள் எந்த நிரலும் இயங்காதவாறு சர்வர் அமைப்பில் விதித்து, ஏனைய கோப்புறைகளை 755 என்றும் கோப்புகளை 644 என்றும் வைத்து, கடவுச்சொல் கோப்பைச் சர்வர் கணக்கின் குழுவோடு 640 என்று இறுக்கினால் போதும்.

செங்கல்பட்டின் கல்லூரிகளில் நிரல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு: மாணவர் தம் முதல் செயலியைச் சர்வரில் ஏற்றும் நாளிலேயே, தேவையான கணக்குக்குத் தேவையான அளவே அனுமதி என்னும் நியதியையும் கற்பியுங்கள். 777 என்று எழுதித் தப்பிக்கும் பழக்கம் வேரூன்றிய பிறகு அதைக் களைவது கடினம்.