ஸ்டோர்கீப்பர் தலையாட்டினால் போதுமா?

இ.ஆர்.பி. மென்பொருள் என்பது ரங்கநாதன் தெருவில் வாங்கும் ரெடிமேட் சட்டை மாதிரி. கொள்முதல், ஸ்டோர்ஸ், கணக்கு எல்லாம் ஒன்றாகத் தைத்தே வரும். நம் கோட்டூர்புரத்துக்குப் பக்கத்தில், சர்தார் பட்டேல் சாலையில் உள்ள ராம்கோ சிஸ்டம்ஸ் 1990-களில் தந்த 'மார்ஷல்' இந்த வகை. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. 1992-ல் வெளியிட்ட ஆர்/3-யும் அப்படியே. இதை ஒரு கம்பெனிக்கு ஏற்றபடி ஆல்டர் செய்வதுதான் கான்ஃபிகரேஷன். புரோகிராமை மாற்றி எழுதவேண்டாம். உள்ளே இருக்கும் வழிகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து அமைத்தால் போதும்.

அளவெடுக்காமல் ஆல்டர் பண்ண முடியுமா? அந்த அளவுதான் வேலைமுறைப் படம். 1992-ல் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷீர் குழுவினர் எஸ்.ஏ.பி.யுடன் சேர்ந்து ஈ.பி.சி. என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் அறுகோணம் ஒரு நிகழ்ச்சி: 'சரக்கு வந்தது'. முனை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலை: 'சரக்கைச் சரிபார்'. பாதை பிரியும் இடத்தில் வட்டத்துக்குள் 'மற்றும்', 'அல்லது' போன்ற குறிகள். 2004-ல் பி.பி.எம்.என். என்ற இன்னொரு முறையும் வந்தது.

படிக்கிற நமக்கு இதெல்லாம் அழகு. பயன்படுத்துகிறவருக்கு? இன்பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு ஸ்டோர்கீப்பரிடம் இப்படியொரு படத்தைக் காட்டினேன்.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்று தலையாட்டினார்.

"பி.ஓ. போடாமலே அவசரச் சரக்கு வந்தா என்ன சார் செய்வீங்க?"

"அது அடிக்கடி நடக்குமே! இறக்கி வச்சுட்டு அப்புறமா பி.ஓ. வாங்கிக்குவோம்."

படத்தில் அந்த வழியே இல்லை! ஏன் சொல்லவில்லை என்றேன். "இந்தக் கட்டமெல்லாம் இன்ஜினீயர் சமாச்சாரம்னு விட்டுட்டேன்" என்றார்.

அப்படியே கான்ஃபிகர் செய்திருந்தால், பி.ஓ. இல்லாத சரக்குக்கு வரவு போட கம்ப்யூட்டர் மறுத்திருக்கும். லாரி வாசலில் நிற்கும். திட்டு அவருக்கு விழும்.

புதிய கருவியை மக்கள் ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் முக்கியம் என்று 1989-ல் ஃபிரெட் டேவிஸ் எழுதினார்: 'இது என் வேலைக்கு உதவுமா? சுலபமா இருக்குமா?' படத்துக்கும் இதே கேள்விகள்தான். நாம் பார்ப்பது குறி சரியா என்று. அவர் தேடுவது 'இதில் என் வேலை எங்கே?' என்று.

ஆகவே, முதலில் நேற்று செய்த வேலையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் வார்த்தையையே கட்டத்துக்குள் எழுதுங்கள். "எப்போ இப்படி நடக்காது?" என்று கேளுங்கள். "இது தப்பு தம்பி" என்று அவரே பென்சிலை வாங்கித் திருத்தட்டும். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போகலாம்!