வீட்டுச் சர்வரும் வெளி முகவரியும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு நல்ல வழக்கம் பரவி வருகிறது. பழைய கணிப்பொறி ஒன்றையோ, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு பொறியையோ வீட்டின் ஒரு மூலையில் இருத்தி, அதனையே குடும்பத்தின் சொந்த இணையச் சர்வராக அமைத்துக்கொள்கின்றனர். மணவிழாப் படங்கள், மறைந்த பாட்டியின் குரற்பதிவு, குலதெய்வக் கோயிற் கொடையன்று எடுத்த காட்சிகள் ஆகியன அதில் சேமிக்கப்படுகின்றன. பெற்றோர் வாளையாரிலும், மகள் ஓசூரிலும், மகன் சிங்கப்பூரிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பத்திற்கு அஃது ஒரு பொதுத் திண்ணை போல் பயன்படுகிறது.

இலவசமாக இடம் தரும் கம்பெனிகள் பல இருக்க, இத்தொல்லை எதற்கு என்று வினவுவோர் உண்டு. ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோர் தம் சொந்தப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. நம் இளைஞர்கள் கூடிக் களித்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 ஆம் நாளோடு முடிந்தது. அவற்றில் இருந்த படங்களை உரிய காலத்தில் எடுத்து வைக்காதவர்கள் அவற்றை இழந்தனர். பிறர் வீட்டுப் பரணில் நம் பெட்டியை வைத்தால், அவர் வீட்டை விற்கும் நாளில் பெட்டியும் போகும் அல்லவா? மேலும், சொந்த மேசையில் சர்வர் வைப்பது புதுமையும் அன்று. டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1990 ஆம் ஆண்டின் இறுதியில் இயக்கிய உலகின் முதல் இணையச் சர்வரும் மேசைமேல் வைத்த ஒரு கணிப்பொறியே. இதனை எவரும் அணைத்துவிட வேண்டா என்று கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. நம் வீடுகளிலும் அத்தகைய சீட்டுக்குத் தேவை உண்டு என்பதை, மின்விசிறிக்காகச் சர்வரின் பிளக்கைப் பிடுங்கும் சிறுவர்களைப் பெற்றவர்கள் அறிவர்.

ஆயினும் சர்வர் வைத்தோர் பலரும் ஒரே இடத்தில் வந்து இடறுகின்றனர். வீட்டிற்குள் அழகாகத் திறக்கும் தளம் வெளியூரில் திறப்பதில்லை. உடனே கண்ணிற்பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றத் தொடங்குகின்றனர். இரவு பத்து மணிக்குள் வீட்டிற்குள்ளும் திறவாத நிலை வந்து சேர்கிறது. குறை வீட்டிற்குள்ளா, வீட்டு வாயிலிலா, வாயிலுக்கு அப்பாலா என்று முதலில் தெரிந்துகொண்டால் இவ்வளவு அலைச்சல் இல்லை. அதற்கு முகவரி என்பது என்னவென்று சற்றே அறிதல் வேண்டும்.

ரயில்வேயில் பணி புரிபவன் ஆதலால், எனக்குத் தெரிந்த உவமையையே கூறுகிறேன். போத்தனூர்க் காலனியில் 12 ஆம் எண் குவார்ட்டர்ஸ் உண்டு, பாலக்காட்டுக் காலனியிலும் உண்டு, ஈரோட்டிலும் உண்டு. காலனிக்குள் இருப்பவரிடம் “12 ஆம் நம்பர் வீடு” என்றாற் போதும். வெளியூரிலிருந்து எழுதுகிறவர் வெறும் 12 என்று உறைமேல் எழுதினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? நம் வீட்டுக் கணிப்பொறிக்கு இருக்கும் 192.168.1.12 என்பது போன்ற எண் இத்தகைய குவார்ட்டர்ஸ் எண்ணே. அதே எண் உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவனவும், 192.168 என்று தொடங்குவனவும் உள்வீட்டு உபயோகத்திற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1996 ஆம் ஆண்டின் விதிமுறை இதனை உறுதி செய்தது.

வெளியுலகிற்குத் தெரியும் எண் வேறு. அது ரவுட்டர் என்னும் பெட்டியின் வெளிப்புறத்திற்குக் கம்பெனி வழங்குவது. ரவுட்டர் காலனி வாயிற்காவலரைப் போன்றது. உள்ளிருந்து ஒருவர் வெளியே கடிதம் அனுப்பினால், இன்ன வீட்டார் இன்னாருக்கு அனுப்பினர் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வந்தால் அக்குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. முன்குறிப்பு ஏதுமின்றி வெளியிலிருந்து ஒருவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே, “80 ஆம் வாயிலுக்கும் 443 ஆம் வாயிலுக்கும் வருவோரை 12 ஆம் வீட்டிற்கு அனுப்புக” என்று நிலையான உத்தரவு ஒன்றை நாம் அதில் எழுதி வைக்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது இதுவே.

முதலில் வீட்டிற்குள் பார்ப்போம். சர்வர் இருக்கும் கணிப்பொறியிலேயே 127.0.0.1 என்று அடித்துத் திறக்க வேண்டும். திறவாவிடில் குறை சர்வர் மென்பொருளில் உள்ளது. முகவரியின்மேல் பழி இல்லை. திறந்தால், அதே வீட்டு வைஃபையில் உள்ள செல்பேசியிலிருந்து 192.168 என்னும் எண்ணை அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் திறவாவிடில், சர்வர் தன்னோடு மட்டும் பேசுமாறு அமைக்கப்பட்டிருக்கலாம். அல்லது அக்கணிப்பொறியின் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். அல்லது செல்பேசி விருந்தினருக்கான வைஃபையில் இருக்கலாம். கணிப்பொறியின் எண் 169.254 என்று தொடங்கினால், எண் கேட்டு ரவுட்டரை அழைத்தும் விடை கிடைக்காமல் அது தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கம்பியைச் சரிபார்க்க வேண்டும்.

நேற்றுத் திறந்த தளம் இன்று திறவாமைக்கு வாளையார்ப் பக்கத்தில் பெருங்காரணம் மின்தடை. கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றை இங்கு வாழ்வோர் அறிவர். மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் எண்களைப் புதிதாகப் பங்கிடக்கூடும். நேற்று 12 ஆக இருந்த சர்வர் இன்று 17 ஆகிவிடும். நம் உத்தரவோ இன்னும் 12 ஆம் வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும், அங்கே இப்போது தொலைக்காட்சிப் பெட்டி குடியிருக்கும்! ரவுட்டரின் அமைப்பிலேயே சர்வருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தல் இதற்கு மருந்து. கணிப்பொறியில் கையால் எண் எழுதுவோர், ரவுட்டர் பங்கிடும் வரிசைக்குப் புறம்பான எண்ணைத் தேர்ந்தெடுத்தல் நலம். இன்றேல் ஒரே எண் இருவருக்கு வாய்த்து இருவரும் தடுமாறுவர்.

இவை யாவும் சிறிய காரியங்கள். இனிக் கூறுவதே முதன்மையானது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் வெளிப்புற எண்ணைக் குறித்துக்கொள்க. பிறகு, “உம் எண் இன்னது” என்று காட்டும் இணையப் பக்கங்களில் ஒன்றைத் திறந்து அங்கே தெரியும் எண்ணையும் குறித்துக்கொள்க. இரண்டும் ஒன்றாயின் வாயில் உம்முடையது. உத்தரவைச் சரிவர எழுதினால் பெரும்பாலும் தளம் திறக்கும். இரண்டும் வேறாயின், உமக்கு வெளியே இன்னொரு வாயில் இருக்கிறது. சில வீடுகளில் அது வீட்டிற்குள்ளேயே இருக்கும். கம்பெனி மாட்டிய ஃபைபர் பெட்டி ஒன்றும், கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்றுமாக இரு காவலர்கள் நிற்பர். அவற்றுள் ஒன்றை வெறும் பாலமாக மாற்றினாற் போதும். ஆனால் ரவுட்டரின் வெளிப்புற எண் 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், இரண்டாம் வாயில் கம்பெனியிடமே இருக்கிறது. பல வீடுகளைச் சேர்த்து ஒரே வெளி எண்ணின்கீழ் அவர்கள் வைத்துள்ளனர் என்பது பொருள். அந்நிலையில் உம் வீட்டு ரவுட்டரில் எத்தனை உத்தரவு எழுதினாலும் வெளியிலிருந்து ஒருவரும் அதன்வழி வர இயலாது.

ஏன் இப்படிச் செய்கின்றனர்? எண்கள் போதவில்லை. 1981 இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு முகவரி முறையில் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் எண்களே உண்டு. உலக மக்கள்தொகையோ 2022 இல் 800 கோடியைத் தாண்டிற்று. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரி 3 ஆம் நாள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. ஆசிய, பசிபிக் நாடுகளுக்கு எண் வழங்கும் ஏப்னிக் நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் கடைசிக் கையிருப்பை அளந்து கொடுக்கத் தொடங்கியது. இணையம் முன்னரே பரவிய நாடுகள் தாராளமாகப் பெற்றுக்கொண்டன. 1995 ஆகஸ்டு 15 இல்தான் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நம் நாடு பந்திக்குப் பிந்தியது. கம்பெனிகள் இவ்வாறு எண்ணைப் பகிர்ந்தளிப்பதற்கென்றே 100.64 வரிசை 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டது. எனவே கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஆனால், வாடிக்கையாளர் கேட்கும்போது இந்த உண்மையை நேராகச் சொல்லாததற்காகத் திட்டலாம் என்பது என் கருத்து.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வாளையாரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் வீட்டில் சர்வர் இருக்கிறது. சிங்கப்பூரிலுள்ள மகனுக்குப் பிறப்புச் சான்றின் நகல் அவசரமாகத் தேவைப்பட்டது. அது சர்வரில்தான் இருந்தது. அவனால் திறக்க இயலவில்லை. பெரியவரின் பேரன் இரண்டு வாரம் ரவுட்டரோடு மல்லுக்கு நின்றான். இணையக் கம்பெனியிடம் கேட்டபோதெல்லாம் “லைன் சரியாக இருக்கிறது” என்னும் விடையே வந்தது. லைன் சரியாகத்தான் இருந்தது! ரவுட்டரின் வெளிப்புற எண்ணைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கிற்று. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனாகிய எனக்கு அதைக் காண ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது என்றால், அது திறமையினால் அன்று. எங்கே பார்ப்பது என்பதுதான் காரியம். சான்றின் நகல் அன்றிரவே செல்பேசி வழியாக அனுப்பப்பட்டது.

இந்நிலையில் செய்யத்தக்கவை மூன்று. தனிக் கட்டணம் செலுத்தி நிலையான பொது எண் ஒன்றைக் கம்பெனியிடம் கேட்டுப் பெறலாம். மாறும் எண்ணே ஆயினும் பொது எண்ணாக இருந்தால், எண் மாறுந்தோறும் பெயரோடு இணைத்துத் தரும் டைனமிக் டி.என்.எஸ். சேவை போதும், பகிர்ந்த எண்ணுக்கு அச்சேவை உதவாது. இரண்டாவது, ஆறாம் பதிப்பு முகவரி. அதில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகப் பொது எண் கிடைக்கும். 2016 இல் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் நம் நாட்டுச் செல்பேசிகளில் இது மிகுதியாகப் பரவியது. ஆயினும் ரவுட்டரின் ஃபயர்வாலில் அனுமதி எழுத வேண்டும். பார்க்கிறவர் இருக்கும் இடத்திலும் ஆறாம் பதிப்பு இருக்க வேண்டும். அயலூர் விடுதி வைஃபையில் அஃது இல்லையெனில் மகனுக்குத் தளம் திறவாது.

மூன்றாவது, டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பாதை மென்பொருள்கள். இவற்றில் இரு முனையும் உள்ளிருந்து வெளியே புறப்பட்டு நடுவில் சந்தித்துக்கொள்வதால், பகிர்ந்த எண் தடையாவதில்லை. குடும்பத்தார் மட்டும் பார்ப்பதற்கு இதுவே தக்கது என்பேன். வளைகுடா நாடுகள் சிலவற்றில் இத்தகைய பாதைகளுக்குக் கட்டுப்பாடு உண்டாதலால், அங்குள்ளோர் உள்ளூர்ச் சட்டத்தை அறிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பொது எண் கிடைத்துவிட்டது என்று கதவை அகலத் திறந்து வைப்பதும் தகாது. திறந்த வாயிலைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் உலகெங்கும் ஓயாமல் அலைகின்றன. சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் முன்பின் அறியாதவர் வந்து போன தடங்கள் விரைவிலேயே தெரியும். பட்டா, ஆதார், பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் முதலியவற்றை எல்லோரும் எட்டும் சர்வரில் வைக்கவே வேண்டா. அவற்றிற்குத் தனிப்பாதையே தக்கது. இரு மாநில அலுவலகங்களுக்கும் நடையாய் நடந்து சேர்த்த காகிதங்களின் அருமை எல்லையில் வாழும் நமக்குத் தெரியாததன்று. ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வெளியிலிருந்து திறவாதபடி பார்த்துக்கொள்க. அதன் அடியில் அச்சிட்டு வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுக.

வெளியிலிருந்து சோதிக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி எண்ணை அடித்தால் பல ரவுட்டர்கள் அதனைத் திருப்பி உள்ளே விடுவதில்லை. தளம் உலகிற்கெல்லாம் திறந்திருக்க, வீட்டுக்காரருக்கு மட்டும் மூடியிருக்கும். ஆதலின் செல்பேசியில் வைஃபையை அணைத்துச் செல்பேசி டேட்டாவில் சோதிக்க வேண்டும். அதிலும் திறவாவிடில் 80 ஆம் வாயிலைக் கம்பெனியே அடைத்திருக்கலாம். 8080 போன்ற வேறொரு வாயிலில் முயல்க.

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஏற்ற சிறு மின்கல யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் இரு பெட்டிகளின் அடாப்டரிலும் எழுதியுள்ள வோல்ட் அளவைக் குறித்துச் செல்க. 12 வோல்ட்டும் 9 வோல்ட்டும் மாறினால் பெட்டி கெடும். நீண்ட மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் ரவுட்டரின் வெளிப்புற எண்ணை மீண்டும் ஒருமுறை பார்த்து, பழைய எண்ணோடு ஒத்திட்டு நோட்டுப் புத்தகத்தில் நாளிட்டு எழுதி வைத்தல் நன்று.