அடியில் இருக்கும் முக்கோணத்தை நம்பாதீர்கள்

பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால், மூன்று அம்புகள் சுற்றி வரும் முக்கோணமும் நடுவே ஓர் எண்ணும் இருக்கும். மறுசுழற்சிக்குப் போகும் பொருள் என்ற நிம்மதியோடு அதைக் குப்பையில் போடுகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் இந்த எண்களைக் கொண்டுவந்தது பிளாஸ்டிக்கின் வகையை அடையாளம் காட்டத்தான். 1 என்றால் பெட், 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் மற்றவை. அவ்வளவுதான் அதன் பொருள்.

மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்பது பொட்டலத்தை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நிறமில்லாத சாதாரணத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காரம் கலந்த சுடுநீரில் கழுவித் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். பாட்டிலின் பெட் துண்டு மூழ்கும். மூடியின் பாலித்தீன் துண்டு மிதக்கும். இரண்டும் தாமாகப் பிரிந்துவிடும். இது நல்ல வடிவமைப்பு.

அதே பாட்டிலுக்குக் கழுத்திலிருந்து அடிவரை பளபளவென்று பிவிசி உறை மாட்டினால் கதை மாறிவிடும். பிவிசியும் தண்ணீரில் மூழ்கும். பெட்டோடு பெட்டாக அடியில் கிடக்கும். பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். சிறிதளவு கலந்தாலே மொத்தச் சரக்கும் பழுப்பேறி வலுவிழந்துபோகும். இத்தனைக்கும் அந்தப் பாட்டிலின் அடியில் இருக்கும் எண் அதே 1 தான்.

நிறமும் அப்படித்தான். கார்பன் கறுப்பு சேர்த்த தட்டுகளையும் டப்பாக்களையும் அகச்சிவப்புக் கதிரால் வகை பிரிக்கும் இயந்திரங்களால் அடையாளம் காண முடிவதில்லை. பச்சை பெட் மீண்டும் பாட்டிலாவது அரிது. பெரும்பாலும் துணியாகவோ கம்பளமாகவோ போய்விடும். இதனால்தான் 2022 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் ஸ்பிரைட், 60 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் அடையாளமாக இருந்த பச்சை பாட்டிலைக் கைவிட்டு நிறமற்ற பாட்டிலுக்கு மாறியது. மனம் வைத்தால் நிறுவனங்களால் முடியும்.

எல்லாவற்றிலும் மோசம், உள்ளே வெள்ளிபோல் மின்னும் நொறுக்குத்தீனிப் பாக்கெட். வெவ்வேறு படலங்களையும் அலுமினியப் பூச்சையும் ஒன்றாக ஒட்டிவிட்ட பிறகு, கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க வழியில்லை. கழுவிய பால் பாக்கெட்டை எடைக்கு எடுக்கும் காயலான் கடைக்காரர் இதைக் கையால்கூடத் தொடமாட்டார். நிறுவன விளம்பரத்தைவிட அவருடைய தராசைத்தான் நான் நம்புவேன். அவர் ஒதுக்கியது சாக்கடையை அடைக்கும், அல்லது தெருமுனையில் எரிந்து நம் நுரையீரலுக்குள் வரும்.

இந்தியச் சட்டம் என்ன செய்தது? மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை 2 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தவேண்டும் என்று 2016-இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. 2018 மார்ச்சில் வந்த திருத்தம், எரித்து ஆற்றல் எடுக்கவோ வேறு எதற்காவது பயன்படுத்தவோ முடிந்தால் நிறுத்த வேண்டியதில்லை என்று வழிவிட்டது. எரியாத பிளாஸ்டிக் உறை ஏது? சிமென்ட் சூளைக்கு அனுப்பலாம் என்ற ஒரே காரணத்தால் அந்தப் பாக்கெட்டுகள் இன்றும் கடைகளில் தொங்குகின்றன. 2022-இல் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் மறுசுழற்சி இலக்கு விதித்தது நல்ல மாற்றம்தான். ஆனால் அது முக்கியமாக எடைக் கணக்கு பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமோ வடிவமைப்புக்கே ஏ, பி, சி என்று தரம் போடச் சொல்கிறது. மறுசுழற்சித் தகுதியில் 70 சதவீதத்துக்குக் கீழே தேறும் பொட்டலத்தை 2030-க்குப் பிறகு அங்கே விற்க இயலாது. அப்படியொரு தரவரிசை நமக்கும் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துவோம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி லேபிளும் உறையும் விளம்பரம்தான். ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று அச்சிட்டால் அதற்கு நம்பத்தகுந்த சான்று இருக்கவேண்டும் என்கின்றன 2024 அக்டோபரில் வெளியான, பசுமைப் பூச்சு எனப்படும் பொய்யான சுற்றுச்சூழல் விளம்பரத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்கள். பொய் என்று தெரிந்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

பொட்டலத்தின் இருபுறத்தையும் படம் எடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறையில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு, மறுசுழற்சிக்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்துமூலம் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் தேவையில்லை.