விமுக்தபடனும் முன்னாள் வீரரும்: டிலனாயின் கதையில் சில சொற்சிக்கல்கள்

படைப்பணி முடித்தவரைத் தமிழ் 'முன்னாள் படைவீரர்' என்கிறது. மலையாளம் 'விமுக்தபடன்' என்கிறது. முன்னது காலத்தைச் சுட்டும். பின்னது விடுதலையைச் சுட்டும். இவ்விரு சொற்களுள் எதற்கும் அடங்காத ஒருவர் திருவிதாங்கூர் வரலாற்றில் உண்டு. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளித்துத் தலைமை தாங்கிய யூஸ்டேசியஸ் டி லன்னாய் அவர். தென்னாட்டு வழக்கில் அவர் பெயர் டிலனாய். தோல்வியுற்ற பின்னரும் அவருடைய போர் முடியவில்லை, எசமானர்தாம் மாறினர்.

இவரை மையமாக வைத்து வரலாற்றுப் புதினம் எழுதுவோரும் அதை மொழிபெயர்ப்போரும் முதலில் இடறுவது மொழியில்தான். திருவனந்தபுரத்தில் 1858இல் பிறந்த சி.வி. இராமன் பிள்ளை இத்துறைக்கு வழிவகுத்தவர். எனினும் 1891இல் வெளிவந்த அவரது 'மார்த்தாண்ட வர்மா' அம்மன்னர் அரியணையேறும் 1729ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. 'ராமராஜ பகதூர்' திப்புவின் படையெடுப்பைப் பேசுகிறது. குளச்சலும் அதன் பின்விளைவும் இவ்விரண்டுக்கும் இடையே விழுந்துவிட்டன.

வழக்கமாக எழுதப்படும் 'டச்சுக் கடற்படைத் தளபதி' என்னும் தொடரே ஐயத்துக்குரியது. கடல்வழி வந்தவர் என்பது உண்மை; ஆனால் அவர் வந்தது ஓர் அரசின் கடற்படையில் அன்று, வணிகக் கும்பெனியின் பணியில். அக்கும்பெனியின் கப்பல்களில் மாலுமிகளும் தரைப்போர் வீரர்களும் ஒருங்கே வந்தனர். திருவிதாங்கூர் அவருக்குத் தந்த பட்டம் 'வலிய கப்பித்தான்'. 'கப்பித்தான்' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல். 'கப்பல்' என்பதோடு ஒலியொப்புமை இருப்பதால் தமிழ் வாசகர் மனத்தில் அது கடலையே எழுப்பும். இங்கோ அது தரைப்படைத் தலைமை. 'வலிய' இன்னும் ஏமாற்றும் சொல். மலையாளத்தில் அது 'பெரிய, மூத்த' எனப் பொருள்படும். பொதுத்தமிழ் வாசகர் 'வலிமை மிக்க' என்றே கொள்வர். எழுத்துப்பெயர்ப்பாகவே விடப்படின் ஒரு பதவிப்பெயர் புகழ்மொழியாகிவிடும். 'பெரிய கப்பித்தான்' என்பதே நேர்மையான பெயர்ப்பு.

தோல்வியைக் குறிக்கும் வினையிலும் இத்தகைய இடர் உண்டு. மலையாளத்தின் 'கீழடங்கல்' போர்க்களச் சொல்லாகவே நிற்கிறது. தமிழில் 'சரணடைந்தார்' என்றால் பத்தி இலக்கியத்தின் நெடிய நிழல் அதன்மீது விழும். தோற்றவர் மனமுவந்து அடைக்கலம் புகுந்தார் என்ற சாயல் வந்துவிடும். 'சிறைப்பட்டார்', 'பணியேற்றார்' என இரண்டாகப் பிரித்து, நடுவிலுள்ள காலத்தை வெற்றிடமாக விடுவது புதினத்துக்கு நன்மை பயக்கும். அந்த வெற்றிடமே கதை.

அந்த இடைவெளிக்குள் வருபவர் உதயகிரியில் டிலனாயோடு பழகிய அலுவலர் நீலகண்ட பிள்ளை. பொருளிழப்பால் மனமுடைந்திருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் கதையைக் கூறினார் என்பது மரபு. அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இப்பெயர் 'லாசர்' என்பதன் மூலமான எபிரேயப் பொருளைத் தமிழுக்குக் கொணர்ந்த மொழிபெயர்ப்பு; அக்கால மொழிபெயர்ப்புகளுள் இதைவிடச் செவ்விய ஒன்றைக் காட்டுவது எளிதன்று. 1749இல் கைதாகி, 1752இல் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். டிலனாயோ அதே அரசில் மேலும் 25 ஆண்டுகள் பணிபுரிந்தார். யோபுவின் கதையை எம்மொழியில் சொன்னார், நண்பர் இறந்தபின் அதை எம்மொழியில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார் என்பவற்றைப் புதின ஆசிரியர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

டிலனாய் 1777 சூன் 1இல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில், டிலனாய்க் கோட்டை என்றும் வழங்கும் உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. 1956 முதல் அவ்விடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அவர் பணிபுரிந்த அரசின் பிற்காலத் தலைநகர் கேரளத்தில் உள்ளது. இலத்தீன் வாசகம் குளச்சலைக் குறிப்பிடவில்லை. காயங்குளம் முதல் கொச்சி வரை அரசுகளை அடக்கியதையும், ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்குப் பணிபுரிந்ததையும் கூறுகிறது. அப்பணியைக் குறிக்கும் அடைமொழியில் 'ஃபெலிகிதாஸ்' என்னும் சொல் வருகிறது. அகராதியை மட்டும் நம்பும் பெயர்ப்பாளர் 'பெருமகிழ்ச்சியுடன்' என எழுதிவிடக்கூடும். உரோமானிய மரபில் அது படைத்தலைவனுக்கு வாய்க்கும் வெற்றிப்பேறு. உள்ளத்தின் உவகை அன்று. இவ்வொரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால், பகைவனிடம் மனநிறைவோடு வாழ்ந்த ஒருவரின் கதை பிறந்துவிடும்.

அதே கல்லறை வளாகத்தில் அவர் மனைவி மார்கரிட்டாவும் மகன் யோவானும் அடங்கியுள்ளனர். மகன் 1765இல் களக்காட்டுப் போரில், திருவிதாங்கூரின் தரப்பில் நின்று, தந்தைக்கு முன்பே மாண்டார்.