விரல் நுனி வேலை – 6: எட்டாவது புள்ளி

திருட்டுச் செய்தியின் கடைசிப் பத்தி எந்தப் பத்திரிகையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர். நாய்க்கு அத்தோடு வேலை முடிந்தது. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

பவுடர் டப்பாவும் பிரஷ்ஷுமாகச் சம்பவ வீட்டுக்குள் போன கதையைச் சென்ற வாரம் சொன்னேன். பீரோக் கதவில் தெரிந்த ரேகையை டேப்பில் எடுத்து அட்டையில் ஒட்டியாயிற்று. இனி அதை என்ன செய்வது? புதிதாக வேலைக்கு வந்தவனின் முதல் இரண்டு வருடம் இந்தக் கேள்வியோடுதான் கழியும்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு அறிவியல் பட்டதாரிகளை நேரடியாகச் சப்-இன்ஸ்பெக்டராக எடுக்கிறார்கள். தோளில் இரண்டு நட்சத்திரம் உடனே வந்துவிடும். நிபுணர் என்ற பெயர் வராது. அதற்கு மத்திய விரல்ரேகைக் கூடம் நடத்தும் அகில இந்தியத் தேர்வில் தேற வேண்டும். நான் சேர்ந்த புதிதில், லத்தி எங்கே, துப்பாக்கி எங்கே என்று ஊரில் கேட்பார்கள். பையில் இருந்த லென்ஸை எடுத்துக் காட்டுவேன். கை பார்த்து ஜோசியம் சொல்கிற உத்தியோகம் என்று முடிவுகட்டிவிட்டு, கையை நீட்டிய சித்தப்பாக்கள் உண்டு.

முதல் சில மாதங்கள் ஸ்லிப் பார்ப்பதுதான் வேலை. கைதானவரின் பத்து விரல்களையும் மையில் உருட்டி எடுத்த தாளுக்குத்தான் ஸ்லிப் என்று பெயர். அதில் ஒவ்வொரு விரலிலும் இருப்பது என்ன வகை என்று குறிக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் பாட்டிமார்கள் விரலைப் பிரித்துப் பார்த்துச் சங்கு, சக்கரம் என்பார்களே, ஏறக்குறைய அதே விஷயம். நாங்கள் லூப், வோர்ல், ஆர்ச் என்போம். நூறு விரலை எடுத்தால் அறுபதுக்கு மேல் லூப். முப்பது, முப்பத்தைந்து வோர்ல், அதாவது சுழி. ஆர்ச் ஐந்து தேறினால் அதிகம்.

எந்தெந்த விரலில் சுழி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மனிதர்களை 1,024 அறைகளாகப் பிரிக்கும் கணக்கு ஒன்று உண்டு. லட்சம் ஸ்லிப் இருந்தாலும் கை நேராக ஒரு அறைக்குப் போகும். உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் 1897-ல் கல்கத்தாவில் திறக்கப்பட்டபோது இந்தக் கணக்குதான் அதன் முதுகெலும்பு. அது எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயரில் நிலைத்துவிட்டது. அதற்காக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். இருவரும் போலீஸில் சேர்ந்தது சப்-இன்ஸ்பெக்டராக. எங்கள் ஜாதி!

ஸ்லிப் பார்ப்பதில் கண்ணைவிடப் பொறுமைதான் முதலில் பழுதாகும். செங்கல் சூளையில் வேலை செய்தவர், சுண்ணாம்பு அடித்தவர், சிமென்ட் குழைத்தவர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்து வெறும் வழவழப்பாக இருக்கும். ரேஷன் கடையில் கருவி ஏற்க மறுத்து, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிற மூதாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்த விரல் மையில் எப்படி விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிப்பாவது முழு விரல். சம்பவ இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் அரைகுறை. விரல் தற்செயலாகப் பட்டதால் பதிந்தது என்ற பொருளில் அதைச் சான்ஸ் பிரிண்ட் என்போம். விரலின் ஒரு ஓரம் மட்டும் இருக்கும்; இழுபட்டிருக்கும்; ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். வீட்டுக்காரர்களின் விரல்களை எடுத்து, அவர்களுடையதை முதலில் கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பதைத்தான் சந்தேக நபரின் ஸ்லிப்போடு ஒப்பிடுவது.

ஒப்பிடுவது என்றால், சுழியும் சுழியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதல்ல. சுழி ஊரில் பாதிப் பேருக்கு எங்கோ ஒரு விரலில் இருக்கும். ஒரு ரேகை ஓடிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும். இன்னொன்று மரக்கிளைக் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். ஒன்று பிரிந்து மறுபடி கூடி நடுவில் சின்னக் குளம் விடும். இந்த இடங்கள்தான் புள்ளிகள். எது, எந்தத் திசையில், அடுத்ததற்கு எத்தனை ரேகை தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எட்டுப் புள்ளி காட்டினால்தான் அறிக்கை எழுதுவது என்று வழக்கம்.

என் முதல் வருடத்தில், ஒரு சிறிய ஊரில் பீரோவை உடைத்து நகை எடுத்த வழக்கு வந்தது. பீரோவின் உள்பக்கத்தில் ஒரே ஒரு சான்ஸ் பிரிண்ட். பழைய குற்றவாளி ஒருவரைப் பிடித்துவைத்திருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து தினம் மூன்று தடவை போன்.

“தம்பி, ஆள் அவன்தான். ஒத்துக்கிட்டான். ரேகை மட்டும் ஏறிடுச்சுன்னா முடிஞ்சுது.”

“பாத்துக்கிட்டிருக்கேன் ஐயா.”

“பாருங்க, பாருங்க. நாளைக்கு ரிமாண்ட்.”

பார்த்தேன். ஐந்து புள்ளி சுலபமாக வந்தது. ஆறாவதுக்கு ஒரு மணி நேரம். ஏழாவது கிடைத்தபோது இருட்டியிருந்தது. எட்டாவது மட்டும் வரவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து, சந்தேக நபரின் ஸ்லிப்பை எடுத்து அதில் வசமாக ஒரு கவட்டையைப் பிடித்தேன். பிறகு அதே இடத்தில் சான்ஸ் பிரிண்ட்டில் தேடினேன். அங்கே பவுடர் கொஞ்சம் திட்டாக இருந்தது. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் கவட்டை மாதிரிதான் தெரிந்தது. எட்டு! அன்று இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் காலை எங்கள் பெரியவர் முன்னால் இரண்டையும் வைத்தேன். முப்பது வருட அனுபவம் உள்ளவர். அதிகம் பேச மாட்டார். மேஜையில் கிடந்த ஒரு தபால் கவரை எடுத்து, சந்தேக நபரின் ஸ்லிப்பின்மேல் போட்டு மூடினார்.

“இப்ப எட்டாவதைக் காட்டுப்பா.”

சான்ஸ் பிரிண்ட்டை மட்டும் பார்த்தேன். திட்டு இருந்தது. கவட்டை இல்லை. நேற்று ராத்திரி அங்கே இருந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். கவரைத் தூக்கி ஸ்லிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி கவட்டை வந்துவிடும். மூடினால் போய்விடும்.

“ஆறாவது, ஏழாவது எங்க முதல்ல பாத்த? இதுலயா, அதுலயா?”

பதில் சொல்ல முடியவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. ஒப்பீட்டுக்குத் தகுதியற்றது என்று எழுதி அனுப்பச் சொன்னார். ஸ்டேஷனில் கோபித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் யார் திருடினார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. பிடித்துவைத்திருந்த அந்த ஆளே கூட எடுத்திருக்கலாம். அந்த ரேகை அதைச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

சிறிய ஊரில் ஒரு பயிற்சி எஸ்.ஐ. செய்த தவறு இது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் உலகத்திலேயே பெரிய ரேகை அலுவலகம் ஒன்று இதே குழியில் விழுந்தது.

2004 மார்ச் 11. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் காலை நேரத்து ரயில்களில் 10 குண்டுகள் வெடித்தன. 191 பேர் இறந்தார்கள். வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் பை ஒன்று, நிறுத்தப்பட்டிருந்த வேனில் கிடைத்தது. அதன்மேல் ஒரு ரேகை. ஸ்பெயின் போலீஸ் அதன் படத்தைப் பல நாடுகளுக்கும் அனுப்பியது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதைத் தன் கணினியில் ஓடவிட்டது. கணினி, கிட்டத்தட்ட இப்படி இருப்பவர்கள் என்று 20 பேரைக் காட்டியது. பட்டியலில் நான்காவது ஆள் பிராண்டன் மேஃபீல்ட். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் பகுதியில் வக்கீல். முன்பு ராணுவத்தில் இருந்தவர்.

அவருடைய விரல்தான் என்று அனுபவம் மிக்க நிபுணர் ஒருவர் சொன்னார். இரண்டாமவர் பார்த்து ஆமாம் என்றார். மூன்றாமவரும் ஆமாம் என்றார். ஏப்ரல் நடுவில் ஸ்பெயின் போலீஸ், எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று எழுதியது. எஃப்.பி.ஐ. கேட்கவில்லை. மே 6-ல் மேஃபீல்டைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய வெளி நிபுணரும் பார்த்துவிட்டு அதே முடிவைச் சொன்னார். மே 19-ல் ஸ்பெயின் அறிவித்தது: அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த உனானே தாவூத் என்பவருடையது. மறுநாள் மேஃபீல்ட் வெளியே வந்தார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

என்ன நடந்தது என்று அந்த நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரித்து 2006-ல் அறிக்கை வெளியிட்டது. இரண்டு விரல்களும் அபூர்வமாக, உண்மையிலேயே மிகவும் ஒத்திருந்தன என்று அது ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கில் விரல்களைத் துழாவும் கணினி, ஏமாற்றக்கூடிய அளவுக்கு ஒத்த விரலைத் தேடிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிடுகிறது. அறிக்கையில் அதற்கடுத்துச் சொன்ன காரணத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்துப் புள்ளிவரை கண்டுபிடித்த பிறகு, நிபுணர்கள் மேஃபீல்டின் விரலில் இருந்ததை எடுத்துக்கொண்டு பையில் இருந்த தெளிவில்லாத ரேகையில் தேடியிருக்கிறார்கள். தேடியது கிடைத்துமிருக்கிறது. என்னுடைய எட்டாவது புள்ளிதான்.

இரண்டாமவரும் மூன்றாமவரும் ஏன் பிடிக்கவில்லை? முதலாமவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொண்டுதான் அவர்கள் பார்த்தார்கள். மேஃபீல்ட் இஸ்லாத்துக்கு மாறியவர், மனைவி எகிப்தைச் சேர்ந்தவர். முதல் முடிவுக்கு அது காரணமில்லை, அப்போது நிபுணர்களுக்கு அது தெரியாது என்று விசாரணை சொன்னது. ஸ்பெயின் மறுத்த பிறகும் திரும்பிப் பார்க்கத் தயங்கியதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றும் சொன்னது. எனக்கு வந்த போனை நினைத்துக்கொண்டேன். “ஆள் அவன்தான்.”

இட்டியல் டிரோர் என்ற உளவியல் ஆய்வாளர் 2006-ல் இதை வேறு விதமாகச் சோதித்தார். அனுபவமுள்ள ஐந்து ரேகை நிபுணர்களிடம் ஆளுக்கொரு ஜோடி ரேகையைக் கொடுத்து, இது மேஃபீல்ட் வழக்கில் தப்பாகப்போன ஜோடி, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். உண்மையில் அது சில வருடங்களுக்கு முன் அதே நிபுணர், ஒன்றுதான் என்று தன் கையால் எழுதிக் கொடுத்த ஜோடி. இப்போது மூன்று பேர் இரண்டும் வேறு என்றார்கள். ஒருவர் சொல்ல முடியாது என்றார். ஒருவர்தான் பழைய பதிலையே சொன்னார். ஐந்து பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்று அப்போது எங்கள் துறையில் பலருக்குக் கோபம். எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் கவருக்கு அடியில் மறைந்து மறைந்து வந்த அந்தக் கவட்டையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

எங்கள் பெரியவருக்கு மேஃபீல்டையும் தெரியாது, டிரோரையும் தெரியாது. ஆனால் அன்றைக்கு மதியமே எனக்கு ஒரு பழக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். சான்ஸ் பிரிண்ட் வந்ததும் அதைப் பெரிதாக்கிப் படம் எடு. சந்தேக நபரின் ஸ்லிப் இருக்கும் உறையைப் பிரிக்காதே. படத்தில் உன் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளைச் சிவப்பு மையில் குறி. சந்தேகமானதை விடு. தேதி போட்டுக் கையெழுத்து வை. அப்புறம் உறையைப் பிரி. ஸ்லிப்பைப் பார்த்த பிறகு சிவப்பு மையைத் தொடாதே. புதிதாக ஏதாவது தெரிந்தால் வேறு நிறத்தில் குறி. ஏன் முதலில் தெரியவில்லை என்று உனக்கே பதில் சொல்.

நீதிமன்றக் கூண்டில் ஏறியபோது அந்தச் சிவப்பு மைதான் எனக்குத் துணை. நிபுணர் சொல்வதைச் சட்டம் கருத்து என்றுதான் அழைக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 45-வது பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39. எதிர்த்தரப்பு வக்கீல், சந்தேக நபரின் விரலைப் பார்த்துத்தானே இதைக் குறித்தீர்கள் என்று கேட்கும்போது, தேதியோடு படத்தை நீட்ட முடிந்தது.

இன்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் போன் தொல்லை குறைவாக இருக்கலாம். திரைத் தொல்லை அதிகம். 2022-ல் தொடங்கிய நாஃபிஸ் என்ற தேசிய அமைப்பில் நாடு முழுவதும் எடுத்த ரேகைகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு ரேகையை ஏற்றினால் ஒத்திருப்பவர்களை வரிசை போட்டுத் தந்துவிடும். இடது பக்கம் தடயம், வலது பக்கம் ஆள். முதல் இடத்தில் வந்தவன் மேல் பார்வை தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். மேஃபீல்ட் நான்காவது இடத்தில்தான் இருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பழைய நண்பரைப் பார்க்க அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பயிற்சியில் இருந்த பெண் ஒருத்தி திரையில் மும்முரமாக இருந்தாள். “எத்தனை வந்திருக்கும்மா?” என்று கேட்டேன். “ஏழு சார், இன்னும் ஒண்ணுதான்” என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, மேஜையில் இருந்த அவளுடைய நோட்டை எடுத்துத் திரையின் வலது பாதியை மறைத்தேன். அவள் இடது பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஆறு சார்” என்றாள். அப்புறம் இன்னும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “அஞ்சு” என்றாள்.

சரி, எட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அந்த எட்டு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 2001 வரை 16 கேட்டார்கள். அமெரிக்காவில் கணக்கே வேண்டாம் என்று 1973-லேயே சொல்லிவிட்டார்கள். அந்தச் சண்டை அடுத்த வாரம்.

(தொடரும்)