42-ல் 17 போனால் 35

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று நோட்டில் எழுதியிருக்கிறான். டீச்சர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 25 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறார்.

பையன் அசட்டையாகப் போட்ட கணக்கு இல்லை இது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்பது அவன் மனதில் பதிந்துவிட்டது. ஒன்றாம் இடத்தில் 2-ம் 7-ம் இருந்தால் 7-ல் 2 போக 5. பத்தாம் இடத்தில் 4-ல் 1 போக 3. தனக்குத் தெரிந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். நாளைக்கு 81-ல் 36 கொடுத்தால் 55 என்பான். சிவப்பு மை அவனுக்குச் சரியான விடையைக் காட்டியது. வழுக்கிய இடத்தைக் காட்டவில்லை.

அந்த 35-ஐப் பார்த்ததுமே பையன் எந்த வழியாக அங்கே போனான் என்று பிடித்துவிடுவது தனித் திறமை. எம்.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு அது தானாக வராது. பியாஜேயின் நான்கு பருவங்களை நெட்டுருப் போட்டவருக்கும் வராது. 1986-ல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் ஒரு கட்டுரையில் இந்த அறிவைத் தனியே பிரித்துக் காட்டினார்: இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், என்ன தப்பான எண்ணத்தோடு வகுப்புக்கு வருவார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும். ஆசிரியர் பயிற்சியின் நடுநாயகமாக இருக்க வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

நம் பயிற்சியில் இது எங்கே இருக்கிறது? ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. அதற்கு முன்னோட்டமாக நுண்ணிலைக் கற்பித்தல் உண்டு. ஐந்தாறு நிமிடப் பாடம். கூடப் படிப்பவர்களே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். குரல், கரும்பலகை, கேள்வி கேட்கும் விதம் எல்லாம் அதில் பழகும். ஆனால் அந்தப் பெஞ்சில் 35 என்று சொல்ல ஆள் கிடையாது. தோழி கேட்ட கேள்விக்கு எல்லோரும் சரியான விடையைச் சொல்லி, அவள் மார்க்கைக் காப்பாற்றிவிடுவார்கள்.

பள்ளிக்குப் போனால் நிலைமை வேறு. எந்த ஆசிரியர் லீவோ அந்த வகுப்புக்குப் பயிற்சி மாணவர். மிச்ச நேரத்தில் விடைத்தாள் கூட்டல், பதிவேடு எழுதுதல். ராத்திரியில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லெசன் பிளான். ஸ்கெட்ச் பேனா ஜோடனை அவரவர் கைவண்ணம். எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. பாடம் முடிந்ததும் உட்காரவைத்துப் பேசும் வழிகாட்டி ஆசிரியர் வாய்த்தவர்கள் அதை ஆயுசுக்கும் மறப்பதில்லை. அந்த அரைமணிப் பேச்சை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைத்திருப்பதுதான் கோளாறு. ஜப்பானில் அது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கே வழக்கம். சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரிப்பார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பிலேயே நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு பேச்சு.

இன்னொன்றும் பயிற்சியில் கண்ணில் படுவதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். லெசன் பிளானோ ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பீரியடு என்றே எழுதப்படுகிறது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. ஒரே அறையில் மூன்று நிலைகளையும் மேய்ப்பதை வேலைக்கு வந்த பிறகா முதன்முதலாகப் பழகுவது?

ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணியில் இருப்பவர்களையும் எழுதச் சொன்ன பிறகு கேட்கவே வேண்டாம். 150 கேள்வி, 150 மார்க், நாலு விடையில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பாடம் தெரியாதவரை வடிகட்ட அது போதும். நடத்தத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்க அதனால் ஆகாது.

முதல் மாதப் பயிற்சியை நான் வகுத்தால் பாடமே நடத்தச் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் நோட்டுகளிலிருந்து இருபது தப்பு விடைகளைப் பொறுக்கி வரவேண்டும். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதவேண்டும். 35 எழுதிய பையனுக்கு முன்னால் ரப்பர் பேண்டு போட்ட பத்துப் பத்துக் குச்சிக் கட்டு நாலும் உதிரிக் குச்சி இரண்டும் வைத்து, "இதுல பதினேழு எடுத்துக் குடுடா தம்பி" என்று கேட்கலாம். ஒரு கட்டை எடுத்துத் தருவான். இன்னும் ஏழு வேண்டும், உதிரியோ இரண்டுதான். கொஞ்ச நேரம் முழிப்பான். அந்த நேரத்தில் பயிற்சி மாணவர் வாயைத் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். பையன் இன்னொரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டை உருவுவான்.